நனைந்த நாள்

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். எங்கள் பழைய ஆபீஸின் மழைக்கணக்குப் புரோகிராமைப் புதிதாகக் கையில் எடுத்திருப்பவள். நான் விழுப்புரத்தில் என் வீட்டு மாடியறையில் இருந்தேன். அவள் கம்ப்யூட்டர் திரையில் இருந்தாள்.

"மேம், டெஸ்ட் வரிசையில மேல ரெண்டு இருக்கு. 'அம்மா'ன்னு ஒண்ணு, அதுக்குக் கீழ 'வந்த நாள்'னு ஒண்ணு. ஒரே ஊரு, அடுத்தடுத்த நாளு. ரெண்டும் தேவையா? ஒண்ண எடுத்துடட்டுமா?"

"கை வைக்காத!" என்று கத்தியேவிட்டேன். அந்தப் பெண் மிரண்டுபோனாள். என் வாய்க்கு முன்னாலேயே வந்து நிற்கிற கோபம் இந்த வயதிலும் அடங்கவில்லை. நாளைக்குக் காரணம் சொல்கிறேன் என்று சமாதானம் பேசி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். காரணம் என்றால் பாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொல்ல எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

குடையிலிருந்து ஆரம்பிக்கலாம். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் பாய் கையில் கறுப்புக் குடை இருக்கும். வெயிலுக்கா என்றால் இல்லை, வெயிலில் விரிக்கவே மாட்டார். "மழை சொல்லிக்கினா வருது?" என்பார். மழையைப் பற்றிய வேலையில் இருந்த நாங்கள் யாரும் குடை கொண்டு வந்ததில்லை.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் ஒரு டயர் கடை மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள்தான். முதலாளி மழையையும் வெப்பத்தையும் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் என்பதால் டாக்டர் என்று கூப்பிடுவோம். கீழே நிற்கிறவர்கள் காதில் அது விழுந்து, காய்ச்சல், கால்வலி என்று மாடியேறி வந்தவர்கள் உண்டு. ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவசரத்தில் எழுதிய புரோகிராம்கள் எங்களிடம் வரும். பல வருஷத்து மழை, வெயில் பதிவுகளை வாங்கிக்கொண்டு, மழை கூடுகிறதா, இடைவெளி நீள்கிறதா என்று கணக்குச் சொல்லும் புரோகிராம்கள். அவற்றைத் துலக்கி, ஒழுங்காக்கி, தப்பு இருந்தால் திருத்திக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே போகும். படித்துப் பார்க்கிறவர் பாய்.

பேர் தெரியாமல் இல்லை. ஆனால் டயர் கடைக்காரரிலிருந்து டாக்டர் வரைக்கும் அவர் பாய்தான். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் பல வருஷம் இதே வேலை பார்த்தவர். அம்மா இறந்ததும் ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. தினமும் பாண்டிச்சேரி வந்து திண்டிவனம் பஸ் பிடித்து வருவார். நான் விழுப்புரத்திலிருந்து வருவேன். பெரும்பாலும் எனக்கு முன்னால் வந்து, என் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருப்பார். அந்த விரல் ரேகையைத் துடைப்பதுதான் என் காலைக் கடமை.

"உங்களுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கு இல்ல பாய்?" என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

"எழுதனவங்க எடத்துல ஒக்காந்து படிச்சாத்தாம்மா எழுதனது வெளங்குது" என்பார்.

முதன்முதலில் நான் திருத்திய புரோகிராமை அவரிடம் கொடுத்தபோது நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. மழைக்கும் மழைக்கும் நடுவே வறண்ட நாட்கள் எத்தனை என்று கணக்கிடுவது. ராப்பகலாக உட்கார்ந்து இழைத்திருந்தேன். படித்து முடித்துவிட்டுத் தலையாட்டினார்.

"படிக்கறதுக்கு நல்லா சுத்தமா இருக்கும்மா."

"அப்ப ஓகே குடுங்க பாய்."

"நாள் குடு, ஓகே குடுக்கறேன்."

"இன்னா நாளு?"

"நீ மழையில மாட்டிக்கினு முழிச்ச நாளு ஒண்ணு. தேதியோட. அந்தத் தேதியில மழை பெஞ்சுதான்னு இதுகிட்ட கேப்போம். பெஞ்சுதுன்னு சொல்லிச்சின்னா ஓகே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புள்ளியியல் படித்தவள் நான். "முப்பது வருஷத்து டேட்டா பாய் இது. ஒரு நாளை வெச்சிக்கினு இத எடை போடுவீங்களா?"

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றாங்களே, பானையவே தின்னுட்டா பதம் பாப்ப?"

"பதம் பாக்கற சோறு பானைக்குள்ள இருக்கணும் பாய். உங்க ஞாபகம் பானைக்கு வெளியில இருக்குது."

கடகடவென்று சிரித்தார். "அதாம்மா சொல்றேன். ரெண்டும் தனித்தனியா இருக்கறதாலதான் ஒண்ண வெச்சி ஒண்ணப் பாக்க முடியுது. தேதிய மனுஷன் மறப்பான். நனைஞ்சத மறக்க மாட்டான்."

கடைசியில் நான் பரீட்சை ஹாலுக்குச் சொட்டச் சொட்டப் போன ஒரு நாளைக் கொடுத்தேன். புரோகிராம் அன்றைக்கு மழை என்று சொன்னது. அப்புறம்தான் ரிவ்யூ கட்டத்தில் தமிழில் தட்டினார்: 'நாள் பாத்தேன். சரி.' எத்தனை பெரிய வேலையானாலும் அவர் ஒப்புதல் இந்த மூன்று வார்த்தைதான். அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது.

இப்படிச் சேர்த்த நாட்களையெல்லாம் அவர் டெஸ்டாக எழுதி வைத்தார். டெஸ்ட் என்றால் ஒன்றுமில்லை. புரோகிராமில் யார் கைவைத்தாலும், பழைய கேள்விகளுக்கு அது இன்னும் சரியான பதில் சொல்கிறதா என்று கம்ப்யூட்டரே கேட்டுப் பார்த்துக்கொள்ளும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. மற்ற ஆபீஸ்களில் டெஸ்டுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுப்பார்கள். எங்களுடையதில் 'வானூர் புதுமனை', 'பரீட்சைக்கு லேட்டு', 'பஸ் நின்னுபோன நாள்' என்று இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத்தான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

நாள் கேட்பது அவருக்கு ஆபீஸோடு நிற்கவில்லை. டீக்கடையில் கேட்பார், பஸ் கண்டக்டரிடம் கேட்பார். தேதி சரியாகத் தெரிய வேண்டுமென்று பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் கருமாதிப் பத்திரிகைகளையும் வாங்கி மேசை டிராயரில் அடைத்து வைத்திருந்தார். புதிதாக வருகிறவர்கள் அவரைக் கல்யாணத் தரகர் என்றே நினைப்பார்கள். ஒரு முறை கண்டாச்சிபுரம் பக்கத்து மழைப் பதிவு ஒன்று எங்களிடம் வந்தது. அந்தப் பக்கத்து நாள் எங்கள் யாரிடமும் இல்லை. நாளில்லாமல் ஓகே கிடையாது என்று ஒரே பிடியாக நின்றார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பாய் ஞாயிற்றுக்கிழமை குடையைத் தூக்கிக்கொண்டு கண்டாச்சிபுரம் போய், சந்தையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற ஒரு அம்மாவிடம் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா சொன்னதை மறுநாள் அப்படியே நடித்துக் காட்டினார்.

"'மூட்டை மூட்டையா நனைஞ்சி மொளச்சே பூடுச்சி சாமி'ன்னு சொல்லிச்சி. 'என்னிக்கிம்மா?'ன்னு கேட்டேன். 'எம்மாமியா கருமாதி அன்னிக்கி. இருந்தப்பவும் என்னெ நிம்மதியா உட்டதில்ல, போனப்புறமும் உடல'ன்னு சொல்லிச்சி பாரு!"

அந்த மாமியாரின் கருமாதிப் பத்திரிகையையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கூடவே எங்களுக்கு ஒரு பை வேக வைத்த மல்லாட்டை. டெஸ்டுக்கு 'மாமியார் கருமாதி' என்று பேர் வைத்தார். பச்சை விழுந்தது.

இவ்வளவு தாராளமாக நாள் வாங்குகிறவர் ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு. கேள்விப்பட்ட நாளை வாங்க மாட்டார். டாக்டர் ஒரு முறை ஆசையாகத் தன் வானூர் வீட்டுப் புதுமனை புகுவிழா நாளைக் கொடுத்தார். அன்றைக்குப் பந்தலே மிதந்ததாம்.

"நீங்க நனைஞ்சீங்களா டாக்டர்?"

"இல்ல பாய், நான் அன்னிக்கு டெல்லியில ஒரு கான்ஃபரன்ஸ். வொய்ஃப் போன்ல சொன்னாங்க."

"அப்ப அது உங்க வீட்டம்மா நாளு. அவங்க வந்து குடுத்தா எழுதிக்கறேன். கேட்ட நாள் வாணாம் டாக்டர், நனைஞ்ச நாள் குடுங்க."

முதலாளி முகத்துக்கு நேரே சொன்னார். டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் மறுவாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா மாடியேறி வந்து, பட்டுப்புடவை பாழான கதையைச் சொல்லி, நாளைப் பதிந்துவிட்டுப் போனார்.

டெஸ்ட் வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது 'அம்மா'. அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எழுதியது. அதை நான் கேட்டது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், நல்ல மழையில் இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம். குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா மௌத்தாப் போனப்ப நான் அங்க இருந்தேம்மா. காலையில போனு வந்துது. கையில காலுல உழுந்து லீவு கேட்டு டிக்கெட் எடுத்துட்டேன். மறுநாள் சாயங்காலம் வந்துடுவேன், அதுவரைக்கும் வெச்சிருங்கண்ணேன்னு அண்ணன்கிட்ட அழுதேன். எங்கள்ல அப்படி வெச்சிருக்கறது வழக்கமில்ல. இருந்தாலும் கேட்டேன். அண்ணன் சொல்லிச்சி, 'மழை கொட்டுதுடா தம்பி. தோண்டன எடத்துல தண்ணி ஊறுது. இப்ப உட்டா அடக்கமே பண்ண முடியாது'ன்னு. நான் வந்து எறங்கனப்பவும் மழை. இந்தக் குடையத்தான் குடுத்தாங்க. மையத்தாங்கொல்லையில அம்மாவ அடக்கம் பண்ண எடத்த சேத்துல நின்னுக்கினு பாத்தேன். அண்ணன் மேல கோவமே வரல. மழை பெஞ்சா அவரு இன்னா பண்ணுவாரு? அந்த மழை மட்டும் இல்லன்னா, அண்ணன் மூஞ்சியில நான் முழிச்சிருக்கவே மாட்டேன்."

பஸ் வந்துவிட்டது. விழுப்புரம் வரைக்கும் அந்தக் குடையையே நினைத்துக்கொண்டு போனேன். பாய் மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் அன்றோடு கரைந்தது என்று சொல்லலாம். முழுசாகக் கரைந்தது என்று சொன்னால் பொய்.

அடுத்த கோடையில் ஒரு புது வேலை வந்தது. அதுவரைக்கும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் எங்கள் கணக்கு. இது கோடை மழை. வெயில் உச்சிக்கு ஏறுகிற அன்றைக்கே சாயங்காலம் இடி மழை வருகிறதா, மறுநாள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். களத்தில் மல்லாட்டை காயப்போடுகிறவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல உதவும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் புரோகிராமை ஓட்டினால் வேடிக்கையான பதில் வந்தது. வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முந்தின நாளே மழை பெய்துவிடுகிறதாம். டாக்டர் இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ளிக் குதித்துக் கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டார்.

பாய் என்னிடம் வந்தார். "நாள் குடும்மா. கோடை நாளு."

எனக்குத் தெரிந்த கோடை மழை என் கல்யாணத்தன்று முகையூரில் பெய்ததுதான். மே மாதம். மாதா கோவிலிலிருந்து வெளியே வருகிறோம், வானம் கிழிந்துகொண்டு கொட்டுகிறது. "பொண்ணு அரிசி தின்னிருக்கறா, அதான்!" என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். என் மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். அரிசி தின்றது உண்மைதான், அது வேறு விஷயம். இத்தனை நாள் அந்தத் தேதியைப் பாயிடம் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் கொடுத்தேன்.

சிவப்பு விழுந்தது. என் கல்யாணத்தன்று மழையே இல்லையாம். முந்தின நாள் வெளுத்து வாங்கியதாம்.

"நான் நனைஞ்சேன் பாய்! என் வீட்டுக்காரரு கோட்டுச் சாயம் என் வெள்ளைப் புடவையில ஏறிச்சி!" என்று கத்தினேன். பாய்க்கு அந்த அத்தாட்சி போதும். இரண்டு பேரும் உட்கார்ந்து புரோகிராமைக் குடைந்தோம். மழைமானியில் விழுந்த தண்ணீரைக் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதுவார்கள். அதனால் நேற்றுச் சாயங்காலம் பெய்த மழை இன்றைய தேதியில் பதிவாகும். அதைப் பெய்த நாளுக்கு ஒரு நாள் நகர்த்திக்கொள்ள வேண்டும். எங்கள் புரோகிராமும் அதைத்தான் செய்தது. ஆனால் பதிவுகளைத் தொகுத்துக் கொடுத்தவர்கள் ஏற்கெனவே ஒரு நாள் நகர்த்தித்தான் கொடுத்திருந்தார்கள். ஆக இரண்டு முறை நகர்ந்து, எல்லா மழையும் ஒரு நாள் முன்பே பெய்துவிட்டிருந்தது. அடைமழைக் காலத்தில் நாள்கணக்கில் சேர்ந்தாற்போல் பெய்வதால் எங்கள் பழைய நாட்கள் எதிலும் இது அகப்படவில்லை. ஒற்றை நாள் கோடை மழையில்தான் மாட்டியது.

ஒரு வரியை எடுத்தால் போதும். எடுத்தேன். டெஸ்டை ஓட்டினேன். என் கல்யாணம் பச்சை. வானூர் பச்சை, பரீட்சை பச்சை, மாமியார் கருமாதி பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வரிசையின் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

'அம்மா' சிவப்பாக இருந்தது.

அதுவும் ஜூன் மாதத்து ஒற்றை நாள் மழைதான். தப்பாக ஓடிய புரோகிராமில்தான் அது அத்தனை நாளும் பச்சையாக இருந்திருக்கிறது. அடக்கம் நடந்த அன்று ஒரு சொட்டு இல்லை. மறுநாள், அதாவது பாய் வந்து இறங்கிய நாளில், கொட்டியிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்னது காதில் கேட்டது. நான் எடுத்த அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. டாக்டருக்கும் அந்த 'அம்மா' கதை தெரியும். வந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பாய், கோடை மழை ரொம்ப லோக்கல். ஒரு தெருவுல கொட்டும், அடுத்த தெரு காஞ்சி கெடக்கும். மழைமானி இருந்த இடத்துல பெய்யாம இருந்திருக்கலாம். அந்த ஒரு டெஸ்ட்ட எடுத்துடுங்க."

"ஆமா பாய்" என்றேன் நானும். "அந்த மழைமானி உங்க தெருவுல இல்லியே. இத எடுத்துடலாம், நானே எடுத்துடறேன்."

பாய் திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை. "மறுநா பெஞ்சத மட்டும் அதே மழைமானி சரியாச் சொல்லுதே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒன் கல்யாணத்துக்கு இந்தச் சாக்கு சொல்லியிருந்தா நீ ஒத்துக்கினு இருப்பியா? மாட்ட இல்ல? அப்பறம் எங்கம்மாவுக்கு மட்டும் எதுக்கு?"

அவரே தொடர்ந்து சொன்னார்: "ஊர்ல இருக்கற எல்லாருகிட்டயும் நனைஞ்ச நாள் குடு, கேட்ட நாள் வாணாம்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். நான் குடுத்த மொத நாளே கேட்ட நாளும்மா. அன்னிக்கி நான் ஊர்லயே இல்ல."

எழுந்து கீழே போனார். மாடியிலிருந்து பார்த்தேன். டயர் கடை வாசலில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். டீ ஆறிப்போகிற வரைக்கும் குடிக்கவில்லை. அந்த வேலை அன்றைக்கு அவர் ஒப்புதலுக்காகத்தான் நின்றது. ஓகே சொன்னால் அண்ணன் பொய் சொன்னார் என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி. சொல்லாவிட்டால் எல்லோருடைய மழையும் தப்பான நாளில் கிடக்கும். வேறு யாராவது ரிவ்யூ செய்யட்டும் என்று டாக்டரிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் மேலே வந்துவிட்டார்.

என் நாற்காலியில் உட்கார்ந்தார். 'அம்மா' டெஸ்டில் 'மழை உண்டு' என்று இருந்ததை 'மழை இல்லை' என்று மாற்றினார். பச்சை விழுந்தது. ரிவ்யூ கட்டத்தில் வழக்கம்போலத் தட்டினார்: 'நாள் பாத்தேன். சரி.' குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இருடா, கொஞ்சம் அழுதுவிட்டாவது போ என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. அவரை அப்படி ஒருமையில் மனசுக்குள் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை வந்தார். முகம் தெளிவாக இருந்தது. அவரே டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணன்கிட்ட போய்க் கேட்டேம்மா."

"சண்டை போட்டீங்களா பாய்?"

"சண்டை போடத்தான் போனேன். வாசல்ல ஒக்காந்துக்கினு இருந்தாரு. வயசாயிடிச்சி பாவம். 'அம்மாவ அடக்கம் பண்ண அன்னிக்கி வெயிலாண்ணே?'ன்னு கேட்டேன். தோள்ல கெடந்த துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சிக்கினாரு. அப்பறம், 'நல்ல வெயிலுடா. தூக்கிக்கினு போறப்ப தாரு ரோடு கொதிச்சிது'ன்னாரு."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"அம்மாவே சொல்லிட்டுதான் போச்சாம். ஒடம்பு எலும்பும் தோலுமா ஆயிடிச்சி இல்ல? 'சின்னவன் வர்ற வரைக்கும் என்னெ வெச்சிக்கினு ஒக்காராதீங்க. இந்தக் கோலத்துல அவன் என்னெப் பாக்க வாணாம். கப்பலாட்டம் இருந்த அம்மாவத்தான் அவனுக்குத் தெரியும், அதுவே இருக்கட்டும்'னு சொல்லிச்சாம். இத அண்ணன் போன்ல எப்படிச் சொல்லுவாரு? அம்மா ஒன்னெ வாணாம்னு சொல்லிடிச்சின்னா நான் தாங்குவனா? வாயில வந்தது மழை. சொல்லிட்டாரு. மறுநா நான் எறங்கறப்ப நெசமாவே பெஞ்சதும் அவரே மெரண்டுபோயிட்டாராம். 'அல்லா என் பொய்யக் காப்பாத்திட்டான்டா'ன்னு அழுவறாரு இன்னிக்கி."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? 'காப்பாத்தல அண்ணே, ஒரு நாள் லேட்டாத்தான் அனுப்பனான், எங்க புரோகிராமுதான் உங்களக் காப்பாத்திச்சி'ன்னு சொன்னேன். சிரிச்சிட்டாரு. நானும் சிரிச்சிட்டேன். அப்பறம் ரெண்டு பேரும் அழுதோம்."

எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. மறைத்துக்கொள்ள டயர் கடைக்காரரிடம் எதற்கோ வள்ளென்று விழுந்தேன். மாடிக்குப் போனதும் பாய் 'அம்மா'வுக்குக் கீழே இன்னொரு டெஸ்ட் எழுதினார். மறுநாள் தேதி. 'வந்த நாள்' என்று பேர். 'மழை உண்டு.' பச்சை. இதற்கு யாரிடமும் அவர் பத்திரிகை கேட்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டருக்கு உடம்புக்கு முடியாமல்போய் அந்த ஆபீஸை மூடிவிட்டார். அந்த இடத்தில் இப்போது டயர் அடுக்கியிருக்கிறார்கள். கொஞ்ச காலம், முதல் மழை பெய்தால் பாயிடமிருந்து போனில் ஒரு வரி வரும்: 'இங்க மழை. நனைஞ்சேன்.' நானும் விழுப்புரம் நிலவரம் அனுப்புவேன். பிறகு அதுவும் நின்றது. அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. மகள் வீட்டோடு மலேசியாவில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், அண்ணனோடு கோட்டக்குப்பத்தில்தான் இருக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். எல்லாம் கேள்விப்பட்டதுதான், அவர் கணக்குப்படி செல்லாது. ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

சொன்னபடி மறுநாள் அந்தப் பெங்களூர்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். இவ்வளவையும் சொல்ல நேரம் இல்லை.

"ரெண்டும் இருக்கட்டும்மா" என்றேன். "மேல இருக்கறது ஒரு மனுஷன் கேட்ட நாளு. கீழ இருக்கறது அவரு நனைஞ்ச நாளு."